அம்மாவின் மூட்டு வலியும் நான்கு அட்டை மாத்திரையும்

கேள்வி: ஐயா, வணக்கம். என் அம்மாவுக்கு 63 வயது. மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சின்னதாக இட்லிக் கடை நடத்துகிறார். ஏழெட்டு வருடமாகப் பிரஷரும் சுகரும் உண்டு. பிரஷருக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை காலையில் ஒன்று, சுகருக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கொடுத்த ஜெரோடால்-பி காலையும் இரவும் ஒன்றரை வருடமாகச் சாப்பிடுகிறார். உடம்பு வலித்தால் படுக்கும்போது ஒரு டோலோ 650. அடுப்புச் சூட்டில் தலைவலி வந்தால் சாரிடான். வலி தாங்காத நாளில் என் தம்பி காம்பிஃப்ளாம் வாங்கித் தருகிறான். 'கேஸ் மாத்திரையோடு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது' என்கிறார் கடைக்காரர். 'வலி மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்' என்கிறார் என் நாத்தனார். ஒரு மாதமாகச் சாயங்காலமானால் அம்மாவுக்குக் கால் வீங்குகிறது. நிறுத்தச் சொன்னால், 'நீ வந்து மாவு ஆட்டித் தருவியா?' என்று கேட்கிறார். போன மாதம் திருவிழாவின்போது பக்கத்து ஊர்க் கடையில் கவரில் போட்டுக் கொடுத்த செட் மாத்திரையை ஐந்து நாள் சாப்பிட்டார். வலி மாயமாகப் போய்விட்டது. அதையே தொடர்ந்து வாங்கலாமா?
- ஒரு மகள், திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேராகப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அம்மா விஷயத்தில் நாத்தனார் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜெரோடால்-பி, காம்பிஃப்ளாம் இரண்டையும் இன்றோடு நிறுத்துங்கள். இவற்றைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை, சட்டென்று நிறுத்தலாம். பிரஷர், சுகர் மாத்திரைகளை மட்டும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. இந்த வாரத்துக்குள் அம்மாவை ஒரு டாக்டரிடம் அழைத்துப் போய்க் கால் வீக்கத்தைக் காட்டுங்கள். போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும், காலியான அட்டை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். செட் மாத்திரையைத் தொடரலாமா என்றால், வேண்டவே வேண்டாம். அதைப் பற்றிக் கீழே கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். இருபத்தைந்து வருடமாக மருந்து எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. உங்கள் அம்மாவைப் போன்றவர்களை வாரத்துக்கு நான்கைந்து பேராவது பார்த்துவிடுகிறேன். அவர்கள் வலியை மிகைப்படுத்திச் சொல்வதில்லை. விடியற்காலை எழுந்து, ஈரத் தரையில் நின்று, குனிந்து நிமிர்ந்து இட்லித் தட்டு எடுக்கிறவருக்கு அந்த மாத்திரைதான் அன்றைய பிழைப்பு. அதனால் மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னால் அவர் கேட்க மாட்டார். கேட்கவும் முடியாது. அதற்குப் பதிலாக என்ன தரப் போகிறோம் என்பதையும் சேர்த்தே பேசலாம்.

நீங்கள் எழுதிய நான்கு பெயரையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜெரோடால்-பியில் அசிக்ளோஃபினாக் 100 மி.கி., பாரசிட்டமால் 325 மி.கி. காம்பிஃப்ளாமில் ஐபுபுரோஃபென் 400, பாரசிட்டமால் 325. சாரிடானில் புரோபிஃபினசோன் 150, பாரசிட்டமால் 250, காஃபின் 50. டோலோவில் பாரசிட்டமால் மட்டும், 650. பெயர் நான்கு, நிறம் நான்கு, ஆனால் நான்கிலும் பாரசிட்டமால் இருக்கிறது. அம்மா நான்கு விதமான வலிக்கு நான்கு மருந்து சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். பாரசிட்டமாலைப் பொறுத்தவரை அவர் ஒரே மருந்தைத்தான் நான்கு பெயரில் சாப்பிடுகிறார்.

வலி தாங்காத நாளின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஜெரோடால்-பி இரண்டில் 650, டோலோ ஒன்றில் 650, சாரிடான் ஒன்றில் 250, காம்பிஃப்ளாம் ஒன்றில் 325. மொத்தம் 1,875 மி.கி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4,000 மி.கி. வரை என்பது பொது வரம்பு. ஆக இன்றைக்கு அவர் பாரசிட்டமால் வரம்பைத் தாண்டவில்லை. ஆனால் ஒரு காய்ச்சல் வந்தால்? டோலோவை நாளைக்கு நான்கு என்று எடுத்தால் அதிலேயே 2,600. மற்றவையும் வழக்கம்போலப் போனால் 3,825. வரம்பின் வாசலுக்கே வந்துவிடுகிறோம். அந்த 4,000 எல்லோருக்கும் பொருந்தும் எண்ணும் இல்லை. உடல் எடை 50 கிலோவுக்குக் கீழே இருப்பவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள், தினமும் குடிப்பவர்கள், ஏற்கெனவே ஈரல் பழுதானவர்கள், இவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே.

பாரசிட்டமாலின் ஆபத்து ஈரலில்தான். அதில் ஒரு சிறு பங்கை ஈரல் நச்சுப் பொருளாக மாற்றுகிறது. அதை முறிப்பதற்கு உடம்பிலேயே குளுட்டாதயோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. அளவு மீறினால் அந்தக் கையிருப்பு தீர்ந்துபோய் ஈரல் செல்கள் சாக ஆரம்பிக்கும். கொடுமை என்னவென்றால் முதல் நாள் முழுக்க ஆள் சாதாரணமாகத்தான் இருப்பார். கொஞ்சம் வாந்தி, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். 'ஒன்றும் ஆகவில்லையே' என்று வீட்டில் வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் கண் மஞ்சளாகித் தூக்கிக்கொண்டு வருவார்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற நல்ல முறிவு மருந்து இருக்கிறது. விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்கினால் அநேகமாக ஈரலைக் காப்பாற்றிவிடலாம். அதனால் தவறுதலாகவோ வேண்டுமென்றோ யாராவது அட்டையோடு விழுங்கிவிட்டதாகத் தெரிந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சரி, உங்கள் அம்மாவைப் பற்றிய என் கவலை பாரசிட்டமால் இல்லை. அசிக்ளோஃபினாக்தான். வலி தாங்காத நாளில் அதோடு ஐபுபுரோஃபெனும் சேர்ந்துவிடுகிறது. இரண்டும் ஒரே குடும்பம். டைக்ளோஃபினாக், நாப்ராக்சன், மெஃபனாமிக் அமிலம் எல்லாம் அதே வகையறா. இவற்றில் இரண்டைச் சேர்த்துச் சாப்பிட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, கெடுதல்தான் கூடும்.

இந்தக் குடும்பம் எப்படி வேலை செய்கிறது என்பதை 1971-இல் ஜான் வேன் என்ற பிரிட்டன் மருந்தியலாளர் விளக்கினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வீக்கம் உள்ள இடத்தில் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. வலியைக் கூட்டுவது அதுதான். இந்த மாத்திரைகள் அதைச் சுரக்கவிடாமல் தடுக்கின்றன. அதனால் வலி குறைகிறது. ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காக்கிறது. சிறுநீரகத்துக்குள் ரத்தம் வரும் குழாயை விரித்து வைத்திருப்பதும் அதுதான். மூட்டில் மட்டும் நிறுத்து, வயிற்றிலும் சிறுநீரகத்திலும் நிறுத்தாதே என்று மாத்திரையிடம் சொல்ல முடியாது.

இங்கேதான் உங்கள் அம்மாவின் பிரஷர் மாத்திரை வருகிறது. நீங்கள் டெல்டாக்காரர், உங்களுக்கு மதகைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டியையும் ஒரு வயலாக நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உள்ளே வர ஒரு மதகு, வெளியே போக ஒரு மதகு. வயலில் நீர் கட்டி நின்றால்தான் வடிகட்டும் வேலை நடக்கும். டெல்மிசார்டான் வெளியே போகும் மதகைக் கொஞ்சம் திறந்துவிடுகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு அது நல்லதுதான், சிறுநீரகத்துக்குள் அழுத்தம் குறையும். ஹைட்ரோகுளோரோதையசைடு உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுகிறது, அதாவது ஆற்றிலேயே வரத்து கொஞ்சம் குறைகிறது. இந்த இரண்டையும் உடம்பு சமாளித்துக்கொள்ளும். எப்படியென்றால், உள்ளே வரும் மதகை இன்னும் அகலமாகத் திறந்து. அந்த மதகைத்தான் அசிக்ளோஃபினாக் மூடுகிறது. ஆற்றில் வரத்து குறைவு, வடிமதகு திறந்திருக்கிறது, தலைமதகு மூடியிருக்கிறது. வயலில் என்ன நிற்கும்?

இந்த மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தைத் திடீரென்று படுக்க வைப்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். அதிலும் கத்திரி வெயிலில், அடுப்புக்கு முன்னால் வேர்த்துக் கொட்டி, சரியாகத் தண்ணீர் குடிக்காத நாளிலும், வயிற்றுப்போக்கு வந்த நாளிலும் ஆபத்து பல மடங்கு கூடும். இன்னொன்று, இந்த வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். அதனால் கால் வீங்கலாம், பிரஷர் ஏறலாம். கால் வீக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு; இதயம், சிறுநீரகம், கால் ரத்தக் குழாய், எதுவாகவும் இருக்கலாம். அதனால்தான் நேரில் காட்டச் சொல்கிறேன். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம், ஹீமோகுளோபின், சிறுநீரில் ஆல்புமின், இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மெட்ஃபார்மின் அளவையும் டாக்டர் மாற்ற வேண்டி வரும். அறிக்கை நன்றாக வந்தாலும் பழைய மாத்திரைக்குத் திரும்ப வேண்டாம்.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் கொஞ்சம் பாறு கழுகுகள் மிச்சம் இருக்கின்றன. ஒரு காலத்தில் நாடு முழுக்க வானத்தில் வட்டமிட்ட பறவை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. தெற்காசியாவில் சில கழுகு இனங்கள் நூற்றுக்கு 97-க்கு மேல் அழிந்துபோயின. 2006-இல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. மாட்டின் உடம்பில் அசிக்ளோஃபினாக் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது என்று தெரிந்து, 2023-இல் கால்நடைகளுக்கு அதையும் தடை செய்தார்கள். மனித சிறுநீரகம் கழுகினுடையதைப் போல அவ்வளவு மென்மையானது இல்லை, பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் இந்த மருந்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவு நாத்தனார்கள் கட்டிய கதை இல்லை என்பது உங்கள் தம்பிக்குப் புரிய வேண்டும்.

நன்றாக இருக்கிற இளவயதுக்காரர் ஒருவர் பல் வலிக்கு இரண்டு மூன்று நாள் ஐபுபுரோஃபென் சாப்பிட்டால் பெரும்பாலும் எதுவும் ஆகாது. அது நல்ல மருந்துதான். நாத்தனாரிடமும் இதைச் சொல்லுங்கள், அவர் எல்லா மாத்திரைக்கும் பயந்து வலியைத் தாங்கிக்கொண்டிருக்கப் போகிறார். யார் சாப்பிடுகிறார், எத்தனை நாள், கூடவே வேறு என்ன சாப்பிடுகிறார் என்பதை வைத்துத்தான் எல்லாம். 63 வயது, சுகர், பிரஷர், ஒன்றரை வருடம்: உங்கள் அம்மாவுக்கு இந்தக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் பதில் அவருக்கு எதிராகவே இருக்கிறது.

கடைக்காரர் சொன்ன கேஸ் மாத்திரைக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. பான்டோபிரசோல் போன்ற மாத்திரை இரைப்பையில் அமிலத்தைக் குறைத்துப் புண்ணும் ரத்தக் கசிவும் வரும் வாய்ப்பை நிஜமாகவே குறைக்கிறது. ஆனால் அதன் காவல் இரைப்பையோடும் அதை ஒட்டிய முன்குடலோடும் முடிந்துவிடுகிறது. சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. வயிறு எரியாததால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்து வருடக்கணக்கில் சாப்பிட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புண் வராது என்பதும் இதே மாதிரிதான். வயிற்று எரிச்சல் குறையலாம், அவ்வளவுதான். மருந்து ரத்தத்தில் கலந்த பிறகுதான் இரைப்பைச் சுவரின் காவலைக் கெடுக்கிறது, ஊசியாகப் போட்டாலும் கெடுக்கும். மலம் தார் போலக் கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போனாலோ, வாந்தி காபித்தூள் கலந்தது போல வந்தாலோ அது உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளம். உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், அது வேறு.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். அசிக்ளோஃபினாக் அட்டையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு ஓடும், ஆர்எக்ஸ் என்ற குறியும் இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. கேட்டவுடனே கையில் கிடைப்பதால் அதைச் சீட்டில்லாத மருந்தாகவே ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விற்கிற எங்கள் பக்கத்துத் தவறு அது, உங்கள் அம்மாவின் தவறு இல்லை. நான்கு மாத்திரை மட்டும் வெட்டி வாங்கும்போதும் பெயரும் காலாவதித் தேதியும் அச்சடித்த பகுதி உங்கள் கைக்கு வருகிறதா என்று பாருங்கள். பெயர் தெரியாத துண்டு அட்டை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது அந்த செட் மாத்திரை. பல வருடங்களுக்கு முன்பு என் கவுண்டருக்கு ஒரு பாட்டி வந்தார். கையில் சின்னக் காகிதக் கவர், அதில் நான்கு மாத்திரை, பெயர் எதுவும் இல்லை. 'இதையே குடு தம்பி, இதுதான் கேக்குது' என்றார். முகம் பௌர்ணமி நிலவு மாதிரி உப்பியிருந்தது, கைத்தோல் காகிதம் போல மெலிந்து, தொட்ட இடமெல்லாம் கன்றிப் போயிருந்தது. ஏதோ ஒரு கடையில் இரண்டு வருடமாக அதை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். கவரில் இருந்த ஒரு மாத்திரை ஸ்டீராய்டு.

உங்கள் அம்மாவின் கவரில் என்ன இருந்தது என்று இங்கிருந்து என்னால் பார்க்க முடியாது. ஆனால் ஒன்றரை வருடமாகப் பிடிவாதமாக இருந்த மூட்டு வலி ஐந்து நாளில் மாயமாகப் போனது என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் டெக்சாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டுதான். ஸ்டீராய்டு மோசமான மருந்து இல்லை. ஆஸ்துமாவிலும் ருமட்டாய்டு மூட்டுவாதத்திலும் உயிரையும் உடம்பையும் காப்பது. ஆனால் அது டாக்டர் கையில், கணக்கோடு இருக்க வேண்டிய மருந்து. சர்க்கரை நோயாளிக்கு அது ரத்தச் சர்க்கரையைத் தாறுமாறாக ஏற்றும். திருவிழா வாரத்தில் அம்மாவுக்குச் சுகர் எவ்வளவு இருந்தது என்று யாராவது பார்த்தீர்களா? பிரஷர் ஏறும், எலும்பு மெலியும், கிருமித் தொற்று சுலபமாக வரும். வலி மாத்திரையோடு சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசியும் வாய்ப்பு இன்னும் கூடும்.

ஐந்து நாளோடு நின்றதால் உங்கள் அம்மாவுக்குப் பெரிய சேதம் இருக்காது. ஆனால் இதைப் படிக்கிற வேறு யாராவது மாதக்கணக்கில் கவர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயந்துபோய் நாளையே நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிடும். திடீரென்று நிறுத்தினால் பிரஷர் விழுந்து, மயங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். மீதி மாத்திரையோடு டாக்டரிடம் போய், அவர் சொல்லும் கணக்கில் குறைக்க வேண்டும். 'பக்க விளைவே இல்லாத மூலிகை' என்று விற்கும் மூட்டு வலிப் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டிருக்கிறது. மூன்றே நாளில் வலி பறக்கிறது என்றால் மூலிகையின் பெருமையைப் பேசுவதற்கு முன்னால் சுகரைப் பரிசோதித்துப் பாருங்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மாவு ஆட்ட வேண்டும், என்ன செய்வது?

முழங்கால் தேய்மானமாக இருந்தால் மாத்திரைக்கு முன்னால் முயற்சி செய்ய வேண்டியது மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல். அதே குடும்பத்து மருந்துதான், ஆனால் தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது மாத்திரையில் போவதில் நூற்றுக்கு ஆறு பங்கு அளவுதான். மூட்டுக்குப் போதுமான மருந்து போகும், சிறுநீரகத்துக்கு வரும் சுமை குறைவு. எங்கள் கடையில் ஜெல் வாங்கிப் போகிறவர்கள் பலர் பட்டாணி அளவு தடவிவிட்டுக் கேட்கவில்லை என்கிறார்கள். டியூபோடு வரும் காகிதத்தில் போட்டிருக்கும் அளவை, சொன்ன தடவை, முழங்காலைச் சுற்றிலும் தடவ வேண்டும். இரண்டு வாரமாவது பார்க்க வேண்டும். தடவிய இடத்தில் ஒத்தடம் கொடுப்பதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கையைக் கழுவிவிட்டு மாவில் கை வைக்க வேண்டும், இது அம்மாவுக்கு முக்கியம். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டரிடம் ஜெல்லையும் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை தேவைப்பட்டால் பாரசிட்டமால் மட்டும் இருக்கிற ஒரே அட்டை வீட்டில் இருக்கட்டும். 650 என்றால் நாளைக்கு மூன்றுக்கு மேல் வேண்டாம், இரண்டுக்கு நடுவே 6 மணி நேரமாவது இடைவெளி. மூட்டுத் தேய்மானத்துக்குப் பாரசிட்டமால் சுமாராகத்தான் கேட்கும், மறைக்க விரும்பவில்லை. அதிக வேலை இருக்கிற நேரத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னால் போட்டால் அதன் பலன் வேலை நேரத்தில் கிடைக்கும். தலைவலிக்கு சாரிடான் தனியாக வேண்டாம். அதுபோன்ற கலவை மாத்திரையை மாதத்தில் பத்து நாளும் அதற்கு மேலும் சாப்பிட்டால் அந்த மாத்திரையே தலைவலியை வரவழைக்கும். அடுப்பங்கரையில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்து அவ்வப்போது குடிக்கச் சொல்லுங்கள். டாக்டர் தண்ணீர் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி.

இதையெல்லாம்விட நான் நம்புவது தொடைத் தசையைப் பலப்படுத்துவதை. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்து தடவை, காலையும் மாலையும். முதல் வாரம் ஒன்றும் தெரியாது, விட்டுவிடுவார். கூட இருந்து செய்ய வையுங்கள், ஒன்றரை இரண்டு மாதத்தில் படி ஏறும்போது தெரியும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அப்புறம் கடையில் சின்ன மாற்றங்கள். தரையில் குந்தி மாவு கரைப்பதையும் காய் நறுக்குவதையும் மேடைக்கு மாற்றுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று போடுங்கள், இட்லி வேகும் நேரமாவது உட்காரட்டும். வீட்டில் தரையோடு இருக்கும் கழிப்பறை என்றால் அதன் மேல் வைக்கும் நாற்காலி கிடைக்கிறது. மாத்திரைக்கு மாதாமாதம் ஆகும் செலவில் சில மாதத்தில் அது வந்துவிடும்.

மழைக்காலம் வரும்போது ஒன்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்து வந்தால் அது டெங்குவா இல்லையா என்று தெரியும் வரை ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக், மெஃபனாமிக் எதுவும் தொடக் கூடாது. டெங்குவில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு (பிளேட்லெட்) குறைந்து ரத்தம் கசியும் நிலையில் இவை அதை மோசமாக்கும். பாரசிட்டமால் மட்டும்தான், கூடவே நீர் ஆகாரம். குழந்தைகளுக்கு அதையும் எடையைப் பார்த்து, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி.க்கு மேல் போகாமல் கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யில் 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மி.லி.க்கு 120 அல்லது 250. சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை ஸ்பூனில் ஊற்றிக் கொடுத்த வீடுகள் எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் வழக்கத்தைவிட நன்றாகக் குறைந்தாலோ, வீக்கம் முகத்துக்கும் வந்தாலோ வாரக் கடைசி வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். ஒரு முழங்கால் மட்டும் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அதுவும் அவசரம்தான். நெஞ்சு வலிக்கு வலி மாத்திரையோ கேஸ் மாத்திரையோ போட்டுப் பார்க்கும் சோதனை வேண்டாம்.

கடைசியாகத் தம்பிக்கு ஒரு வேலை. அம்மா மேல் இருக்கிற பாசத்தில்தான் அவன் காம்பிஃப்ளாம் வாங்கி வருகிறான், அவனைத் திட்டாதீர்கள். கிழித்த தேதித்தாளின் பின்பக்கத்தில் அம்மா சாப்பிடும் எல்லா மருந்தின் உள்பெயரையும் தமிழில் பெரிதாக எழுதிக் கடைச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். எந்த டாக்டரிடமும் எந்த மெடிக்கலிலும் முதலில் அதைத்தான் காட்ட வேண்டும், அதன் படம் அவன் போனிலும் இருக்கட்டும். கிரியாட்டினின் எவ்வளவு வந்தது, மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரத்தில் கால் வீக்கம் வடிந்ததா என்று எனக்கு எழுதுங்கள். ஸ்டூல் போட்டீர்களா என்பதையும் எழுதுங்கள்.